டேமேஜ் அண்ணாச்சி பாலிசி எடுத்த கதை

ஆறு நாளில் உலகத்தைப் படைத்துவிட்டு ஏழாம் நாள் ஆண்டவர் ஓய்வெடுத்தார் என்று வேதத்தில் இருக்கிறது. அன்றைக்கு எங்கள் தெரு டேமேஜ் அண்ணாச்சி மட்டும் பக்கத்தில் நின்றிருந்தால் அவரை உட்காரவே விட்டிருக்க மாட்டார். "எல்லாஞ் சரிதான் ஆண்டவரே, கிழக்க அந்த மலையில ஒரு வெடிப்பு இருக்கு, பாத்தீயளா? கடல்ல உப்பு கூடிப் போச்சு. நிலாவுல கறை" என்று டார்ச் அடித்துக் காட்டியிருப்பார். ஆண்டவரும் பாவம், எட்டாம் நாளும் வேலைக்கு வந்திருப்பார்.

அண்ணாச்சிக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. தெருவில் யாரும் அதை உபயோகித்ததில்லை. தூத்துக்குடித் துறைமுகத்தில் அவர் சரக்கு சர்வேயராக இருந்தவர். கப்பலில் வந்த சரக்கு நனைந்தோ கிழிந்தோ துருப்பிடித்தோ இறங்கினால், இன்சூரன்ஸ் கம்பெனி நஷ்டஈடு கொடுப்பதற்கு முன்னால் ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். என்ன பழுது, எப்படி வந்தது, கப்பலில் ஏறுவதற்கு முன்பே இருந்ததா, பின்னால் வந்ததா என்று அவர் சொல்வதுதான் தீர்ப்பு. நான் வேலை பார்க்கும் கிளியரிங் ஏஜென்ட் ஆபீசுக்கு அவர் வரும்போதெல்லாம், நாற்காலியில் உட்காருவதற்கு முன் அதன் காலை ஆட்டிப் பார்ப்பார். ரிட்டயர் ஆன பிறகும் அந்தக் கண் மட்டும் ரிட்டயர் ஆகவில்லை.

கல்யாண வீட்டில் கேக் வெட்டும்போது எல்லோரும் கை தட்டுவார்கள். அண்ணாச்சி குனிந்து, "இடது மூலையில நசுங்கியிருக்கு. வண்டியில வாறப்பவே நடந்திருக்கு" என்பார். அமலி அக்காவைப் பெண் பார்க்கப் போனபோது அவர் முதலில் பார்த்தது பெண்ணை அல்ல, காபி கப்பை. "விளிம்புல விள்ளல் இருக்கு" என்றாராம். "அன்னைக்கே எந்திரிச்சி உள்ள போயிருக்கணும் தம்பி, புத்தியில்லாம நின்னுட்டேன்" என்று அமலி அக்கா இப்போதும் சொல்வார். சொல்லும்போது சிரிப்பார்.

சட்டைப் பையில் ஒரு சின்னக் குப்பியும் வைத்திருப்பார். உள்ளே சில்வர் நைட்ரேட். மூட்டை நனைந்திருந்தால் அந்த ஈரத்தில் ஒரு சொட்டு விடுவார். பால்போல் வெளுத்தால் கடல் தண்ணீர், வெளுக்காவிட்டால் மழைத் தண்ணீர். இது தொழிலுக்கு உதவும் சங்கதிதான். ஒரு பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில் ரசத்தைத் தனியாக ஒரு கரண்டியில் எடுத்து அதில் ஒரு சொட்டு விட்டார். ரசம் பாலாகிவிட்டது. "உப்பு கூடிப் போச்சு" என்று அறிவித்தார். சமையல்காரர் கரண்டியோடு அவரைத் தேடி வந்ததும், அண்ணாச்சி பின்வாசல் வழியாகப் போனதும் எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் சாயங்காலமானால் அவர் வேறு மனிதர். கடற்கரைச் சாலைத் தடுப்புச் சுவரில் போய் உட்கார்ந்துவிடுவார். காற்று அடங்கிய பொழுதுகளில் எங்கள் ஊரில் கடல் எது, வானம் எது என்று தெரியாது. துறைமுகத்துக்குள் இடம் கிடைக்காமல் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்கள் தண்ணீரைத் தொடாமல் கொஞ்சம் மேலே நிற்பதாகத் தோன்றும். உப்பளத்துப் பக்கம் திரும்பினால் பாத்திகளில் இன்னொரு வானம் கிடக்கும். அந்த நேரத்தில் அண்ணாச்சி எதிலும் குறை சொல்ல மாட்டார். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு ஹாம்பர்க்கைக் கனவு காண்பார்.

ஹாம்பர்க் ஜெர்மனியில் இருக்கும் பெரிய துறைமுகம். அண்ணாச்சி அங்கே போனதில்லை. எங்கள் பக்கத்துச் செம்மண் காட்டில் விளையும் நிலாவரை இலை மூட்டை மூட்டையாக அங்கே போகும். மலச்சிக்கலுக்கு மருந்து. வேலை பார்த்த காலமெல்லாம் அந்த மூட்டைகளின் முதுகில் ஹாம்பர்க் என்ற பெயரைப் பார்த்துப் பார்த்து அவருக்கு அது சொந்த ஊர் ஆகிவிட்டது. "தம்பி, ஜெர்மன்காரன் காலையில நிம்மதியா இருக்கான்னா அதுக்கு நாமதாம் காரணம்" என்பார். அவருடைய ஹாம்பர்க்கில் எப்போதும் மூடுபனி. தெருவெல்லாம் நிலாவரை வாசம். ஆற்றங்கரையில் கப்பல்கள் வீடுகளோடு வீடாக நிற்கும். எதிரே வருகிறவர்கள் அண்ணாச்சியைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றுவார்கள். எதற்கு நன்றி சொல்கிறார்கள் என்று அவர்களுக்கும் தெரியும், அண்ணாச்சிக்கும் தெரியும்.

ஒரே மகள் ஜெனி நர்ஸ் வேலை கிடைத்து அதே ஹாம்பர்க்குக்குப் போனபோது ஊர் ஆச்சரியப்பட்டது. அண்ணாச்சி படவில்லை. "நான் பாத்து அனுப்புறதெல்லாம் அங்கனதானே போகும்" என்றார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த ஜெனியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. கல்யாணமாகி வெகுகாலம் கழித்து அவள் உண்டாகியிருந்தாள். மாப்பிள்ளை கப்பலில் இன்ஜினீயர், பிரசவ சமயத்தில் எந்தக் கடலில் இருப்பார் என்று அவருக்கே தெரியாது. "அம்மா, நீ பக்கத்துல இருந்தா போதும், எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்" என்று ஜெனி போனில் அழுதாள். அமலி அக்கா அன்றைக்கே பிரசவ லேகியத்துக்குச் சாமான் வாங்கக் கிளம்பிவிட்டார். அண்ணாச்சியும் கூடப் போவதாக முடிவானது. விசாவுக்குப் பயண இன்சூரன்ஸ் கட்டாயம் என்பது அதன் பிறகுதான் தெரிந்தது.

"அப்பா, இங்கன ஆஸ்பத்திரின்னு படுத்தா வீட்டை வித்தாலும் காணாது. வயசானவங்களுக்கு எல்லாக் கம்பெனியும் தர மாட்டான். நானே ஆன்லைன்ல பாத்து எடுத்துருதேன்" என்றாள் ஜெனி.

"ஏளா, இன்சூரன்ஸ் பத்தி எனக்கா சொல்லித் தாற? ஆயுசு பூராவும் அவனுவகூட மல்லுக்கட்டினவன் நான். போன வையி" என்றார் அண்ணாச்சி.

அன்று சாயங்காலமே எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் வீட்டில் லேப்டாப் இருப்பதும், எனக்கு முடியாது என்று சொல்ல வராது என்பதும் அவருக்குத் தெரியும். திரையில் முதலில் ஒரு விளம்பரம் வந்தது. நரைத்த தலையோடு ஒரு தம்பதி கடற்கரையில் சிரித்துக்கொண்டே ஓடினார்கள். அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு உற்றுப் பார்த்தார். "இந்த வயசுல இவ்வளவு பல்லு ஏது? இது செட்டு. செட்டுக்கும் சேத்துத் தாறானா, பாரு" என்றார். பல்லுக்கு இல்லை என்று தெரிந்ததும் அந்தக் கம்பெனி போயிற்று.

வயதை அடித்தேன். பிரீமியம் ஏணி போட்டு மேலே ஏறியது. "வயசு ஏற ஏறச் சரக்குக்கு மதிப்பு கொறையும். அப்ப பிரீமியமும் கொறையணும்லா? இங்கன என்ன தலைகீழா இருக்கு?" என்று கேட்டார். அடுத்து, பாதுகாப்பு எங்கிருந்து தொடங்குகிறது என்று பார்க்கச் சொன்னார். கப்பல் சரக்குக்குக் கிடங்கில் கிளம்பியது முதல் அடுத்த கிடங்கில் போய் இறங்கும் வரை பாதுகாப்பு உண்டு. இங்கே நாட்டை விட்டுக் கிளம்பிய பிறகுதான் என்று போட்டிருந்தது. "அப்ப நம்ம வீட்டுல இருந்து ஏர்ப்போர்ட் வரைக்கும் ரோட்டுல கெடக்க குழியெல்லாம் யாரு கணக்கு?" என்று என்னைக் கேட்டார். நான் மாநகராட்சிக்காரன் மாதிரி விழித்தேன்.

பாலிசியைப் பின்னாலிருந்துதான் படிக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. முன்பக்கம் கம்பெனி பேசும், பின்பக்கம் வக்கீல் பேசுவான் என்பார். அப்படிப் படித்துக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நின்றுவிட்டார். ஏற்கெனவே இருக்கிற நோயால் எது வந்தாலும் பணம் கிடையாது என்று இருந்தது.

"இது நம்ம பழைய ஆளுல்லா!" என்று தொடையில் தட்டினார். "சரக்கோட சொந்தக் குணம்னு கப்பல் பாலிசியில ஒண்ணு உண்டு தம்பி. கருவாட்ட ஏத்தினா நாறத்தாம் செய்யும். நாறிட்டுன்னு நஷ்டஈடு கேக்க முடியாது. அது மாரி, கிழவன ஏத்தினா இருமத்தாம் செய்வான்."

"அப்ப என்ன செய்ய அண்ணாச்சி?"

"ஏத்துறதுக்கு முந்தி என்னென்ன இருக்குன்னு உள்ளது உள்ளபடி சொல்லிரணும். சர்வே போட்டிர வேண்டியதாம்."

மறுநாள் காலை அவர் வீட்டு முற்றத்தில் அமலி அக்காவை வெயிலில் நிறுத்தியிருந்தார். கையில் டார்ச். நான் செல்போனில் போட்டோ எடுக்க வேண்டும் என்று ஏற்பாடு.

"திரும்பு அமலி. முட்டு ரெண்டும் தேய்மானம். இடது கண்ணு ஆப்பரேசன் ஆனது. வாயத் தெற."

"என்னய என்ன கப்பல்லயா ஏத்தப் போறீய?" என்றார் அமலி அக்கா.

"கப்பல்னா கவலையே இல்லயே. ப்ளேனு."

"மொதல்ல உம்ம தலைக்குள்ள டார்ச் அடிச்சிப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அக்கா லேகியம் கிண்டப் போய்விட்டார். அந்த வாரம் முழுக்கத் தெருவில் சுக்கும் நெய்யும் கருப்பட்டியும் மணத்தது. அந்த வாசத்தில் எங்களுக்கே தூக்கம் தூக்கமாக வந்தது.

பிறகு ஒரு நாள் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். சென்னைப் பெண், தேன் குழைத்த குரல். அண்ணாச்சி ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சார், உங்களுக்கு முன்னாடியே ஏதாவது ஹெல்த் இஷ்யூ இருக்கா?"

"இருக்கும்மா. சின்ன வயசுல தருவைகுளம் கடல்ல குளிக்கப் போனப்ப சொறி மீன், அதான் ஜெல்லி மீன், அடிச்சது. வலது தொடை. இன்னும் தடம் இருக்கு."

"அதெல்லாம் வேண்டாம் சார். சுகர், பிபி..."

"வாறேன், வரிசையாத்தானே வரணும். அப்புறம் ஒரு கப்பல்ல அடித்தட்டுல விழுந்து இடது மணிக்கட்டு முறிஞ்சது. மழைக்காலத்துல குத்தும். அப்புறம் ஒரு பொய்ப் பல்லு. அப்புறம் எம்மாமனார் செத்த அன்னைக்கு மயக்கம் வந்தது, ஆனா அது பசின்னு இவ சொல்லுதா."

"சார், ப்ளீஸ் சார்."

"வேண்டாம்னு நீங்க சொல்லுதீங்க தாயி. நாளைக்கு கிளெய்ம்னு வந்தா, ஏன் சொல்லலன்னு உங்க கம்பெனி கேக்கும்லா?"

அமலி அக்கா என் பக்கம் குனிந்து, "சாமியார்ட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணப் போனா போன வேகத்துல வந்துருவாரு. இந்தப் புள்ளட்ட எப்பிடிக் கொட்டுதாரு பாருங்க" என்றார். அந்தப் பெண்ணும் பிறகு விட்டுக்கொடுத்து, "அப்புறம் சார்?" என்று கதை கேட்க ஆரம்பித்துவிட்டாள். கடைசியில் கேட்டாள்: "மேடத்துக்கு ஹார்ட் சம்பந்தமா ஏதாவது?"

கொஞ்ச காலத்துக்கு முன்புதான் மதுரையில் அமலி அக்காவுக்கு இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அக்கா கையை ஆட்டி, இல்லை என்று சொல்லச் சொன்னார். அண்ணாச்சி அவரைப் பார்த்தார். அக்கா இரண்டு கையையும் கூப்பினார். மாதா முன்னால்கூட அப்படிக் கூப்பி நான் பார்த்ததில்லை.

"இருக்கும்மா. ஸ்டென்ட் வச்சிருக்கு" என்றார் அண்ணாச்சி.

லைனில் கொஞ்ச நேரம் பாட்டு ஓடியது. பிறகு அந்தப் பெண் வருத்தத்தோடு, இந்தத் திட்டத்தில் சாருக்கு மட்டும் தரலாம், மேடத்துக்கு வராது என்று சொன்னாள்.

"ஊரு உலகத்துல எல்லாரும் மறைக்கத்தானே செய்தாங்க! எம்புள்ள அங்கன ஒத்தையில கெடக்கா. ஒரு வார்த்த, இல்லன்னு ஒரு வார்த்த சொன்னா கொறைஞ்சா போயிருவீய?" என்று அமலி அக்கா அழுதார்.

"மறைச்சிக் கூட்டிட்டுப் போய் அங்கன உனக்கு ஒண்ணு ஆச்சின்னா, பழைய கேசுன்னு தள்ளிருவான் அமலி. எல்லாம் ஜெனி தலையில விழும். பச்ச உடம்புக்காரி எங்க போவா?"

"ஒண்ணும் ஆகாது."

"ஆகாதுன்னு எனக்குத் தெரியாதுளா" என்றார் அண்ணாச்சி. அவர் குரல் அவ்வளவு சின்னதாக ஒலித்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

அதற்கப்புறம் நாங்கள் தட்டிய கதவெல்லாம் அதே பதிலைத்தான் சொன்னது. வீடு தேடி வந்த ஒரு ஏஜென்ட், "ஸ்டென்ட்டச் சொல்லாம விட்டுருங்க அண்ணாச்சி, வெளியவா தெரியப் போகுது?" என்றார். தெருமுனை வரை அவரைத் துரத்திக்கொண்டு போய்விட்டு வந்தார் அண்ணாச்சி. ஜெனிக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. லேகியம் ஜாடிகளில் ஆறிக்கொண்டிருந்தது. சாயங்காலங்களில் தடுப்புச் சுவரில் அவர் இடம் காலியாக இருந்தது. கடல் வழக்கம்போல் வானத்தோடு கலந்து கிடந்தது, கப்பல்கள் மிதந்துகொண்டு நின்றன, அவற்றைப் பார்த்துக் கனவு காணத்தான் ஆள் இல்லை.

கடைசியில் அமலி அக்காதான் முடிவெடுத்தார். "நீங்க மட்டுமாவது போங்க. அவளுக்கு அப்பாவாவது பக்கத்துல இருக்கட்டும். புள்ளையக் குளிப்பாட்ட நான் சொல்லித் தாறேன்."

குளிப்பாட்டிப் பழக ஒரு பிள்ளை வேண்டுமே. பொம்மை சரிப்படாது, அது வழுக்காது என்று அக்கா சொல்லிவிட்டார். மீன் சந்தைக்குப் போய், பிறந்த பிள்ளை எடைக்கு ஒரு விளமீன் வாங்கி வந்தார்.

எங்களுக்கு அடுத்த வீடுதான். மதிலுக்கு இந்தப் பக்கம் நானும் என் மனைவியும் நின்று பார்த்தோம். அண்ணாச்சி முற்றத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நீட்டிய கால்களுக்கு நடுவில் மீன் மல்லாந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு சட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர்.

"தண்ணிய நேரா மூஞ்சில ஊத்தாதீய. நெத்தியில கைய அண கட்டி ஊத்துங்க."

"நெத்தி எதுன்னு தெரியலயே அமலி."

"கழுத்தத் தாங்குங்க, கழுத்த! தல தொங்குதுல்லா!"

"மீனுக்குக் கழுத்து எங்கனளா இருக்கு?"

மீன் நழுவி முற்றத்தில் ஓடியது. பூனை ஒன்று எழுந்தது. அக்கா அதை விரட்டிவிட்டு மீனை எடுத்து மறுபடி காலில் கிடத்தினார். எண்ணெய் தேய்த்து, மூக்கைப் பிடித்துவிட்டு, துண்டால் ஒற்றி, கடைசியில் சாம்பிராணிப் புகையும் காட்டினார்கள். எங்கள் கடலில் பிறந்த மீன்களில் இத்தனை மரியாதையோடு குழம்புக்குப் போனது அது ஒன்றாகத்தான் இருக்கும். என் மனைவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள்.

"நல்லாத்தாம் குளிப்பாட்டுதீய. நீங்க போயிட்டு வாங்க. எனக்கு போட்டோ அனுப்புங்க, போதும்" என்று சொல்லிக்கொண்டே அமலி அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அண்ணாச்சி துண்டில் சுற்றிய மீனை மார்போடு அணைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். சாம்பிராணிப் புகை அவர் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தது. "நான் போகல அமலி" என்றார். "நீ இல்லாம நான் எங்கன போய் என்ன செய்ய?" என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் மார்பில் மீன் இருந்ததால் சிரிக்காமலும் இருக்க முடியவில்லை. இரண்டும் சேர்ந்து வந்தால் மனிதன் என்னதான் செய்வான்?

மறுநாள் விடிந்ததும் அண்ணாச்சி எங்கள் வாசலில் நின்றார். முகம் தெளிந்திருந்தது. கனவு கண்டாராம். ஹாம்பர்க்கில் மூடுபனி, ஆற்றங்கரையில் மூட்டைகள். ஒரு மூட்டை பாதி நனைந்திருக்கிறது. வாங்க வந்தவன் வேண்டாம் என்று போகப் பார்க்கிறான். அண்ணாச்சி அவன் கையைப் பிடித்து நிறுத்தி, மூட்டையைப் பிரித்து, நனைந்ததை ஒரு பக்கமும் நனையாததை ஒரு பக்கமும் தட்டிக் காட்டுகிறார். அவன் நனையாததை எடுத்துக்கொண்டு தொப்பியைக் கழற்றுகிறான்.

"முழுசா எடுக்க மாட்டேங்கிறவன்ட்ட முழுசையும் வச்சிக் கெஞ்சுனது என் தப்புதாம் தம்பி. எத எடுப்பன்னு கேட்டிருக்கணும். தொழில்ல அப்பிடித்தானே செய்வோம்? போன எடு."

அதே தேன் குரல் பெண்தான் கிடைத்தாள். "சொறி மீன் சார்தானே?" என்று கேட்டாள். அண்ணாச்சி இந்த முறை தருவீர்களா என்று கேட்கவில்லை. "என் வீட்டுக்காரிக்கு எது எதுக்குத் தருவீங்க, எது எதுக்குத் தர மாட்டீங்க? பிரிச்சிச் சொல்லுங்க தாயி" என்றார். அவள் யாரிடமோ கேட்டு, யாரிடமோ சண்டை போட்டு, சாயங்காலம் திரும்பக் கூப்பிட்டாள். முதியவர்களுக்கென்று வேறொரு திட்டம் இருந்தது. விலை கூடுதல், மருத்துவப் பரிசோதனையும் உண்டு. தேறினால் மற்ற எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு. பழைய இருதயக் கோளாறுக்கு மட்டும், உயிருக்கே ஆபத்து என்றால் ஓரளவுதான் கிடைக்கும். அதற்கு மேல் கிடையாது.

பரிசோதனைக்குப் போன இடத்தில் ஈசிஜி மெஷினின் வயரில் ஒட்டுப் போட்டிருப்பதாக அண்ணாச்சி கண்டுபிடித்துச் சொன்னார். அவரை வெளியே உட்கார வைத்தார்கள். அமலி அக்கா தேறிவிட்டார்.

பாலிசி வந்த அன்று ஜெனிக்கு போன் போட்டு, எது உண்டு, எது இல்லை என்று ஒன்றுவிடாமல் சொன்னார். "இல்லாதத நெனச்சிப் பயந்தியன்னா இப்பவே சொல்லிரு" என்றார். "எங்கம்மாவக் கூட்டிட்டு வாங்கப்பா" என்று மட்டும் சொன்னாள் ஜெனி. பிறகு அமலி அக்காவை எதிரே உட்கார வைத்தார்.

"கேட்டுக்கோ ஏளா. கீழ விழுந்தா அவன் குடுப்பான். பெட்டி தொலைஞ்சா அவன் குடுப்பான். காய்ச்சல் வந்தாலும் வயித்தால போனாலும் அவன். பழைய நெஞ்சு வலிக்கு மட்டும் உயிர் போற நேரத்துல கொஞ்சம் குடுப்பான்."

"மிச்சத்துக்கு?"

"மிச்சத்துக்கு நான்."

"நீங்க என்ன செய்வீய?"

அண்ணாச்சி பாலிசியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "பக்கத்துலயே இருப்பேன்" என்றார்.

வாகைக்குளம் விமான நிலையத்தில் அவர்களை ஏற்றிவிட்டு வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமானப் படியில் ஏறும்போது அண்ணாச்சி நின்று இறக்கையைக் காட்டி அங்கே நின்ற பணிப்பெண்ணிடம் ஏதோ சொன்னார். என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். அவள் சிரித்துக்கொண்டே உள்ளே அனுப்பினாள். காலை வெயிலில் விமானம் உப்பளங்களுக்கு மேலே போய், பாத்திகளில் ஒரு சின்ன நிழலாக ஓடி, காணாமல் போயிற்று.

ஜெனிக்குப் பெண் குழந்தை. அந்தச் செய்தியைச் சொல்ல அமலி அக்கா கூப்பிட்டார். சுகப்பிரசவம், தாயும் பிள்ளையும் நலம் என்று சொல்லி முடித்ததும் குரலில் உஷ்ணம் ஏறியது.

"வந்த கதையக் கேளுங்க தம்பி. ப்ளேன்ல இந்த மனுசன் ஒரு பொட்டு கண்ண மூடல. என் கையப் பிடிச்சி நாடி பாத்துக்கிட்டே வந்தாரு. நான் கொஞ்சம் அசந்தா, 'ஏளா அமலி, நல்லாருக்கியா?'ன்னு எழுப்புதாரு. இவரு எழுப்புற எழுப்புல நல்லா இருக்க நெஞ்சும் நின்னு போயிரும்!"

இதற்கப்புறம் சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம். நான் கடற்கரைச் சுவரில் உட்கார்ந்திருந்தேன். காற்றில்லை. கப்பல்கள் வழக்கம்போல் எதன் மேலும் நிற்காமல் நின்றன. அப்போது ஹாம்பர்க்கிலிருந்து அண்ணாச்சி கூப்பிட்டார். அங்கே அப்போது மத்தியானம்.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஒரு முழு ஊரையும் அவர் பிரித்து மேயப் போவதைக் கேட்க வேண்டும் என்று காத்திருந்தவன் நான். "அண்ணாச்சி! ஹாம்பர்க் எப்பிடி இருக்கு? என்னென்ன டேமேஜ்?" என்று கத்தினேன். பக்கத்தில் சுண்டல் விற்றுக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"மெதுவாப் பேசுலே தம்பி" என்றார் அண்ணாச்சி. காதில் விழுந்தும் விழாத குரல். "அமலி தூங்குதா. புள்ளயும் அவ பக்கத்துல தூங்குது. ரெண்டு பேருக்கும் மூச்சு ஒரே சீரா வருது. பாத்துக்கிட்டு இருக்கேன்."

ஊரைப் பற்றி நான் மறுபடி கேட்டேன். இன்னும் வெளியே போகவில்லை, அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். அந்த மனிதர்மேல் எனக்கு இவ்வளவு பிரியம் என்று அந்த நிமிஷம் வரை எனக்கே தெரியாது. எத்தனையோ கடலுக்கு அந்தப் பக்கம் தூங்கும் அமலி அக்கா எழுந்துவிடக் கூடாதே என்று, தூத்துக்குடிக் கடற்கரையில் நானும் அதற்கப்புறம் கிசுகிசுப்பாகவே பேசினேன்.